குழப்படிக்குச் சம்பளம் கொடுப்பது யார்?

மேல்மாடியில் குடியிருந்துகொண்டு நாய் வளர்க்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "இடம் காணுமா?" என்றுதான். காணும். வளர்ந்த நாய் நாளில் பாதியைப் படுத்தே கழிக்கும். ஒரு சாக்கு விரிக்கிற இடம் அதற்குப் போதும். கேட்க வேண்டியது இன்னொன்று: நீங்கள் காலை ஏழரைக்குக் கந்தோருக்குப் போய்ப் பின்னேரம் ஐந்துக்குத் திரும்பும்வரை அந்த நாய்க்கு என்ன வேலை?

திருகோணமலையில் கொழும்பைப் போல வானத்தைத் தொடும் தொடர்மாடிகள் இல்லை. உவர்மலையில் அரச குவாட்டர்ஸ், உள்துறைமுக வீதிப் பக்கமும் பிரதான வீதியிலும் கடைகளுக்கு மேலே வாடகை வீடுகள், அங்கங்கே மூன்று நான்கு மாடிக் கட்டடங்கள். லிப்ட் இல்லாத படிக்கட்டு, இரண்டு அறை, ஒரு குசினி, கம்பி அடித்த சிறிய பல்கனி. இந்த அத்தியாயம் அப்படிப்பட்ட வீட்டுக்கும், அதற்குள் வந்து சேர்ந்த கெட்டிக்கார நாய்க்கும் எழுதப்பட்டது.

கெட்டிக்காரத்தனத்தில் இரண்டு வகை உண்டு. கனடாவில் உளவியல் படிப்பித்த ஸ்டான்லி கோரன் 1994இல் நாய்களின் அறிவைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இனங்களை வரிசைப்படுத்தினார். போர்டர் கொலி முதலாவது, பூடில் இரண்டாவது, நம்மவர் அல்சேஷன் என்று சொல்லும் ஜேர்மன் ஷெப்பர்ட் மூன்றாவது. கீழ்ப்படிவுப் போட்டிகளின் நடுவர்களிடம் கேட்டுத் தொகுத்த வரிசை அது. ஆகவே மனிதன் சொன்னதை எவ்வளவு விரைவாகச் செய்கிறது என்பதைத்தான் அது அளக்கிறது. மீன் சட்டியின் மூடியை நகர்த்தத் தெரிந்த நாய்க்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. சந்தையடியில் பிறந்து, மீன் வெட்டுபவரின் கையைப் பார்த்தே வளர்ந்த ஊர்க்குட்டி எந்தப் பட்டியலிலும் வராது. ஆனால் அதை மாடிக்குக் கொண்டுவந்து இரண்டு கிழமை வைத்துப் பாருங்கள். என் எண்ணத்தில், தொடர்மாடியில் வாழ்பவர்கள் இனத்தைப் பற்றி யோசிக்கும் நேரத்தில் பாதியைக் கதவுத் தாழ்ப்பாளுக்குச் செலவழிக்கலாம்.

தாழ்ப்பாளுக்கு ஒரு வரலாறும் உண்டு. அமெரிக்கரான எட்வர்ட் தோண்டைக் 1898இல் பூனைகளையும் நாய்களையும் மரப்பெட்டிகளில் அடைத்து, உணவை வெளியே வைத்துப் பார்த்தார். உள்ளே ஒரு கயிற்றை இழுத்தாலோ கட்டையை அழுத்தினாலோ கதவு திறக்கும். எந்த விலங்கும் உட்கார்ந்து யோசித்துத் திறக்கவில்லை. பிராண்டியது, கடித்தது, முட்டியது, தற்செயலாகத் திறந்தது. அடுத்த முறை கொஞ்சம் விரைவாகத் திறந்தது. பிறகு இன்னும் விரைவாக. பலன் கிடைத்த செயல் நிலைத்தது, கிடைக்காதது உதிர்ந்தது. உங்கள் வீட்டுக் குசினிக் கதவின் கதையும் இதேதான். நாய் சூழ்ச்சி செய்யவில்லை. ஒரு நாள் கைபிடியில் காலை வைத்தது, கதவு திறந்தது, உள்ளே சூடை மீன் பொரியல் இருந்தது. முதல் மாதச் சம்பளம் அன்றைக்கே கைக்கு வந்துவிட்டது. இனி அந்த வேலையை விடுமா?

இந்த அத்தியாயத்தின் கணக்கு முழுவதும் அதில் அடங்கும். குழப்படி என்று நாம் சொல்வது ஏதோ ஒரு சம்பளத்துக்குச் செய்யப்படும் வேலை. முற்றம் உள்ள வீட்டில் அந்தச் சம்பளத்தைக் காகமும் அணிலும் அயல்வீட்டுக் கோழியும் கொடுக்கும். உங்களால் தடுக்க முடியாது. நாலு சுவருக்குள் ஏறக்குறைய எல்லாச் சம்பளமும் உங்கள் கையால்தான் போகிறது. தொடர்மாடியின் பெரிய வசதி அது. அதைப் பயன்படுத்தாதவர்கள்தான் இடம் போதாது என்று குறைப்படுகிறார்கள்.

முதல் வெற்றியைத் தடுப்பதுதான் மலிவான வழி. நீட்டுக் கைபிடி உள்ள கதவில் அதைச் செங்குத்தாக மாற்றிப் பூட்டச் சொல்லுங்கள். அல்லது உயரத்தில் ஒரு கொண்டி போடுங்கள். குப்பை வாளியை அலுமாரிக்குள் வையுங்கள். மேசை விளிம்பில் எதையும் விட்டுவிட்டுக் குளிக்கப் போகாதீர்கள். இங்கே உப்புக்காற்று இன்னொரு எதிரி. கொண்டி, பிணைச்சல், சங்கிலியின் கொளுக்கி எல்லாம் உள்நாட்டைவிட வெகு விரைவில் துருப்பிடிக்கும். கொளுக்கியின் வில் இறுகிப் போய் முழுதாக மூடாமல் நின்றால் கெட்டிக்கார நாய் அதை உங்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிடும். மாதம் ஒரு தடவை எல்லாவற்றையும் இழுத்துப் பாருங்கள். துருப்பிடிக்காத உருக்குக் கொளுக்கி கொஞ்சம் விலைதான். ஆனாலும் அதையே வாங்குங்கள்.

"நான் பார்த்துக்கொண்டு இருக்கும்போது தொடவே தொடாது" என்று பெருமைப்படுபவர்கள் உண்டு. ஜூலியானே காமின்ஸ்கியும் அவரது குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், எடுக்கக் கூடாது என்று மறிக்கப்பட்ட உணவை, அந்த உணவு இருக்கும் இடம் இருட்டாக இருந்தபோது நாய்கள் கூடுதலாகத் திருடின. மனிதர் இருக்கும் பக்கம் வெளிச்சமா இருட்டா என்பது அவ்வளவாகக் கணக்கில் வரவில்லை. உணவை மனிதர் காண முடியுமா என்பதை அவை ஏதோ ஒரு வகையில் எடை போடுகின்றன. மின்சாரம் நின்ற இரவில் குசினிப் பக்கம் சத்தம் கேட்டால் பூனை என்று நினைத்துவிடாதீர்கள்.

அடுத்தது வீட்டு மனிதர்கள். நாயைப் பழக்குவதைவிட அம்மம்மாவைப் பழக்குவது கடினம். "ஒரு துண்டுப் புட்டுத்தானே, பாவம், வாயைப் பார்த்துக்கொண்டு நிக்குது" என்று மேசைக்குக் கீழே கை போகும். பத்து நாளில் ஒரு நாள்தான் கொடுத்தாலும், அந்த ஒரு நாள் மற்ற ஒன்பது நாளும் நாயை மேசையடியில் இருத்திவிடும். எப்போது கிடைக்கும் என்று தெரியாத சம்பளத்துக்குத்தான் மிருகமும் மனிதனும் அதிக நேரம் காத்திருப்பார்கள். லொத்தர் சீட்டு விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள். இதை நிறுத்த வேண்டுமானால் எல்லோரும் ஒரே நாளில் நிறுத்த வேண்டும். நிறுத்திய முதல் கிழமை நிலைமை மோசமாகும். சிணுங்கும், காலால் தட்டும், குரைக்கும். வந்துகொண்டிருந்தது திடீரென்று நின்றதால் கூடுதலாகக் கேட்டுப் பார்க்கிறது. அந்த நேரத்தில் மனம் இளகிக் கொடுத்தால், கூடுதலாகக் கத்தினால் கிடைக்கும் என்று சொல்லிக் கொடுத்தவர் ஆவீர்கள். அம்மம்மாவுக்கு ஒரு சிறிய டின்னை ஒப்படைத்துவிடுங்கள். சாப்பாடு முடிந்து, கை கழுவி, நாயின் தட்டில் மட்டும் கொடுக்கலாம் என்று ஏற்பாடு செய்யுங்கள். கொடுக்கும் சந்தோஷம் அவருக்குப் போகாது. நாயும் மேசையடியை விட்டுத் தட்டடிக்கு மாறிவிடும்.

இனி வேலைவாய்ப்பு. 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாக இருந்த ஊரில் இருந்துகொண்டு, அதே கடற்படையின் இன்னொரு தளமான தென்னாபிரிக்காவின் சைமன்ஸ் டவுனில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. அங்கே ஜஸ்ட் நியூசன்ஸ் என்ற பெயரில் ஒரு கிரேட் டேன் நாய் இருந்தது. மாலுமிகளோடு கேப் டவுன் ரயிலில் ஏறி, இருக்கைகளில் நீட்டி நிமிர்ந்து படுத்துப் பயணம் செய்யும். டிக்கெட் இல்லாத நாயைப் பற்றி ரயில்வேக்காரர் முறைப்பாடு மேல் முறைப்பாடாக அனுப்பினார்கள். நாயை அப்புறப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் கொல்ல வேண்டும் என்ற நிலை வந்தது. 1939 ஓகஸ்டில் கடற்படை அதை முறைப்படி மாலுமியாகப் பதிந்துகொண்டது. கடமையில் இருக்கும் மாலுமிக்கு ரயில் இலவசம் என்பதால் பிரச்சினை தீர்ந்தது. 1944இல் இறந்தபோது கடற்படை மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.

உங்கள் நாய்க்கு ரயில் இல்லை. மூக்கு இருக்கிறது. மணத்தை உணரும் கலங்கள் மனிதனுக்குச் சில பத்து இலட்சங்கள். நாய்க்குப் பல கோடி. பந்தை எறிந்து எறிந்து ஓடவைத்தால் உடம்பு களைக்கும், அடுத்த மாதம் அதைவிடக் கூடுதல் ஓட்டம் கேட்கும். இரண்டு அறை வீட்டில் அது நடக்காது. மூக்கால் தேடவைத்தால் கால்மணி நேரத்திலேயே ஆறுதலாகப் படுத்துவிடும்.

தொடங்குவதற்கு மூன்று சிரட்டை போதும். விளிம்பை அரத்தாலோ மரத்தாளாலோ மழுக்கிக்கொள்ளுங்கள். சன்மானத்துக்கு நெத்தலிக் கருவாடு இந்த ஊரில் கிடைக்கும் மிகச் சிறந்த பொருள். உப்பு நாய்க்கு ஆகாது. ஆகவே இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை இரண்டு மூன்று தடவை மாற்றி, தலையைக் கிள்ளி எறிந்து, எண்ணெய் விடாமல் வறுத்து, கடலைப் பருப்பளவு துண்டுகளாக உடைத்து வையுங்கள். முதல் நாள் நாய் பார்க்கும்படி ஒரு துண்டைத் தரையில் வைத்து, "தேடு" என்று ஒரு தடவை மட்டும் சொல்லி விடுங்கள். பிறகு ஒரு சிரட்டையால் பாதி மூடுங்கள். பிறகு முழுதாக. இரண்டாவது சிரட்டையை வெறுமையாகப் பக்கத்தில் வைப்பது சரியான சிரட்டையை நாய் தயங்காமல் புரட்டத் தொடங்கிய பிறகுதான். மூன்றும் வந்தபின் சிரட்டைகளைக் கழுவி வெயிலில் காயவைத்து விளையாடுங்கள். இல்லாவிட்டால் எல்லாவற்றிலும் நெத்தலி மணம் ஏறி, நாய் தவறு செய்வதாக நீங்கள் நினைப்பீர்கள். காலால் அடித்துச் சிதறடித்தால் சிரட்டையை அமைதியாக எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். மூக்கை வைத்து நின்றால் நீங்களே தூக்கிக் கொடுங்கள். இந்தச் சிறிய வித்தியாசத்தில்தான் பொறுமை பழகுகிறது. பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நாய் இன்னும் விரும்பிக் கொண்டிருக்கும்போதே நிறுத்துங்கள்.

அதற்குப் பிறகு வீடு முழுவதும் மைதானம். பழைய துவாய்க்குள் காலைச் சாப்பாட்டில் பாதியைத் தூவிச் சுருட்டிக் கொடுக்கலாம். முட்டை வரும் மட்டைப் பெட்டிக்குள் ஒளிக்கலாம். நீங்கள் வேலைக்குப் புறப்படும் வேளையில், கதவடியில் நின்று கொஞ்சுவதற்குப் பதிலாக, நாலு இடத்தில் ஒளித்துவிட்டு "தேடு" என்று சொல்லிப் போய்விடுங்கள். திறப்பை எடுக்கும் சத்தம் அழுகைக்கு அறிகுறியாக இருந்தது. சில நாளில் வேலை தொடங்கும் மணியாகிவிடும். இளநீர்க் கோம்பையைக் கடிக்கக் கொடுப்பவர்கள் உண்டு. நீங்கள் பக்கத்தில் இருந்தால் மட்டும் கொடுங்கள். தும்பை விழுங்கினால் குடலில் அடைக்கும். தும்புக் கயிறும் அப்படியே. குட்டி நாயானால் இவ்வளவு நேரம் தனியே விடுவதே நியாயமில்லை. நடுப்பகலில் யாராவது வந்து இறக்கிக்கொண்டு போக ஒழுங்கு இல்லாதவர் வளர்ந்த நாயாகப் பார்த்து எடுப்பது நல்லது.

வெளியே போகும் நேரத்தைக் காற்று தீர்மானிக்கும். மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் வீசும் நாட்களில் தார் வீதி பின்னேரம் ஐந்து மணிக்கும் சுடும். புறங்கையை வீதியில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. காலை ஆறரைக்கு முன், மாலை ஆறரைக்குப் பின். மொட்டைமாடிக்குக் கீழே உள்ள வீடானால் கொங்கிறீட் பகலில் வாங்கிய சூட்டை இரவில்தான் விடும். மின்விசிறிக்கு நேரே, வெறும் தரையில் படுக்க விடுங்கள்.

டச் பே கடற்கரை காலையில் அருமையான இடம். ஆனால் வலை இழுத்த கரையில் நாயை ஒருபோதும் அவிழ்த்துவிடாதீர்கள். மீனவர் வேண்டாமென்று மணலில் எறிந்துவிட்டுப் போகும் மீன்களில் பேத்தை இருக்கும். அதன் ஈரலிலும் குடலிலும் தோலிலும் இருக்கக்கூடிய நஞ்சு சமைத்தாலும் காய்ந்தாலும் அழியாது. அதற்கு மாற்று மருந்தும் இல்லை. ஊதிய பந்து போலக் கிடப்பதால் குழப்படி நாய்க்கு விளையாட்டுப் பொருளாகத் தெரியும். கடித்தபின் வாயில் நுரை, கால் தள்ளாட்டம் கண்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஓட்டோ பிடித்து மிருக வைத்தியரிடம் ஓடுங்கள். உப்புத் தண்ணீர் பருக்கி வாந்தி எடுக்கவைப்பது இன்னொரு நஞ்சு. அறுந்த தூண்டில் முள்ளும் அதே மணலில்தான் கிடக்கும். ஆகவே "விடு" என்ற சொல்லை வீட்டில் மலிவான பொருளோடு பழக்கி, வாயில் உள்ளதைப் போட்டால் அதைவிட நல்லது கிடைக்கும் என்று நிறுவிவிட்டுத்தான் கடற்கரைக்குப் போக வேண்டும்.

புள்ளிமான்கள் இந்த ஊருக்கே உரிய சோதனை. பிரெட்றிக் கோட்டை வாசலிலும் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வீதியிலும் அவை ஆட்களுக்குப் பயப்படாமல் நிற்கும். நகரத்துக்குள்ளும் இறங்கி வரும். ஓடும் மானைத் துரத்துவதைவிடப் பெரிய சம்பளம் நாயின் உலகத்தில் இல்லை, நெத்தலி அதற்கு முன் நிற்காது. ஆகவே துரத்தும் முதல் வெற்றி நடக்கவே கூடாது. மான் தெரியும் தூரத்தில், ஆனால் உங்கள் கையில் உள்ளதை நாய் இன்னும் சாப்பிடக்கூடிய தூரத்தில், நில்லுங்கள். மானைப் பார்த்தால் ஒரு துண்டு, திரும்பி உங்களைப் பார்த்தால் இரண்டு துண்டு. சாப்பிட மறுத்தால் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம், பின்வாங்குங்கள். நாய்க்காக மட்டும் சொல்லவில்லை: மான் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பிராணி, அதன் பின்னங்காலும் லேசானதல்ல. கட்டாக்காலி நாய்கள் கூட்டமாக வந்தால் வாரை இறுகப் பிடிப்பது சண்டையைக் கூட்டும். வாரைத் தளர்த்தி, வளைந்து, வீதியின் மறுபக்கம் நடந்துவிடுங்கள்.

பல்கனியில் நாயைத் தனியே விட வேண்டாம். கம்பி இடைவெளியில் தலை போனால் உடம்பும் போகப் பார்க்கும். காகம் வந்து உட்கார்ந்தால் பாயவும் பார்க்கும். பழைய மீன்வலையைக் கட்டிவிட்டால் போதும் என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். நைலோன் வலையை அறுக்க நாய்க்கு ஒரு மத்தியானம் போதும். சதுரக் கண் கம்பிவலை அடியுங்கள். பல்கனியில் வைக்கும் தண்ணீர்ச் சட்டியைத் தினமும் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். டெங்குச் சோதனைக்கு வரும் பி.எச்.ஐ. முதலில் பார்ப்பது அதைத்தான்.

சத்தம்தான் தொடர்மாடியில் சண்டைக்கு வேர். விடியற்காலை வள்ளங்களின் என்ஜின், கப்பலின் சங்கு, படியில் ஏறும் செருப்பு, கோயில் வெடி. குரைத்தபின் அதட்டினால் நீங்களும் சேர்ந்து குரைப்பதாக நாய் எடுத்துக்கொள்ளும். சத்தம் கேட்டவுடன், வாய் திறக்க முன், ஒரு துண்டு கொடுங்கள். சத்தம் கேட்டால் உங்களிடம் வரும் நாயாக மாறும். வெடிச் சத்தத்தைக் கைப்பேசியில் பதிந்து, மிக மெல்லிய ஒலியில் சாப்பாட்டு நேரத்தில் போட்டு, கிழமைக் கணக்கில் கூட்டிக்கொண்டு போகலாம். தீபாவளிக்கு முதல் நாள் தொடங்கினால் பலன் இல்லை.

அயலவர் விஷயத்தில் நாய் வருமுன்பே படி ஏறிப் போய்ச் சொல்லிவிடுவது புத்தி: "அக்கா, வாற கிழமை நாய்க்குட்டி ஒண்டு கொண்டுவாறம். நாங்கள் இல்லாத நேரம் கத்தினா எனக்கு ஒரு கோல் அடியுங்கோ." முறைப்பாட்டை உங்களுக்கே சொல்லும் வழியைத் திறந்து வைத்தால் அது வீட்டுச் சொந்தக்காரரிடம் போகாது. "வைரவரின் வாகனம்" என்று தடவிக் கொடுக்கும் அதே ஆள் இரவு இரண்டு மணிக்குக் குரைத்தால் வைரவரையும் மறந்துவிடுவார். கீழ்வீட்டார் முஸ்லிம்களானால் ஒன்றை அறிந்துவைத்திருங்கள். இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபி மத்ஹபின்படி நாயின் எச்சிலோ ஈரமோ பட்டால் ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும். தொழுகைக்குப் புறப்பட்டவரின் சாரத்தில் உங்கள் நாய் மூக்கைத் தேய்ப்பது அவருக்கு எவ்வளவு வேலை வைக்கும் என்று யோசியுங்கள். படிக்கட்டில் வாரைக் குட்டையாகப் பிடித்து, நீங்கள் சுவர்ப்பக்கமாக நாயை மறைத்து நின்று, அவரை முதலில் போக விடுங்கள். கடலில் குளித்த நாயைக் கீழேயே துடைத்துவிட்டு ஏற்றுங்கள். இதைச் செய்பவருக்கு அதே வீட்டிலிருந்து பெருநாளைக்கு வட்டிலப்பம் வரும்.

வெங்காயம், உள்ளி, சொக்லட், முந்திரிகை வற்றல் எதுவும் நாய்க்கு ஆகாது. நம்முடைய கறிச்சட்டியில் முதல் இரண்டும் இல்லாத நாள் இல்லை என்பதால் மிச்சக் கறி கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்று பனடோலும் கொடுக்காதீர்கள்.

நாயைப் பதிவது 1901ஆம் ஆண்டின் நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டத்திலிருந்தே கடமை. உள்ளூராட்சி சபையில் ஆண்டுதோறும் செய்ய வேண்டும். விசர்நாய்க்கடித் தடுப்பூசியும் ஆண்டுதோறும்தான். ஊசி அட்டையைக் கதவுக்குப் பின்னால் தொங்கவிடுங்கள். விளையாட்டாகவே யார்மீதாவது பல் பட்டுவிட்டால், காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அவரைக் கூட்டிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள். அட்டையைக் கையில் கொண்டு போனால் அங்கே கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் இருக்கும்.

ஐப்பசி பிந்தி வாடை தொடங்கினால் மார்கழி, தை வரை நடைகள் குறையும். வெள்ளம் நின்ற ஒழுங்கையில் எலியின் சலம் கலந்திருக்கும். நாய்க்கும் எலிக்காய்ச்சல் வரும். அதனிடமிருந்து உங்களுக்கும் வரலாம். தேங்கிய தண்ணீரைக் குடிக்க விடாமல், வீடு வந்ததும் நாலு காலையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, விரல் இடுக்கில் உண்ணி பார்த்து, துவட்டி விடுங்கள். நடை குறைந்த அளவுக்குத் தேடல் விளையாட்டைக் கூட்டுங்கள். எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்து ஊசி போட மிருக வைத்தியரிடம் புரட்டாதியிலேயே நாள் கேட்டுவிடுங்கள். முதல் தடவை போடும் நாயானால் சில கிழமை விட்டு இரண்டாவது ஊசியும் வேண்டும், இரண்டும் மழைக்கு முன் முடிந்திருக்க வேண்டும்.